புத்தகத்துக்குள் இருந்த கருப்பையா

மாலைக்கு மேல் பொன்னாடை, பொன்னாடைக்கு மேல் இன்னொரு மாலை என்று ஆள் ஆளாக வந்து போட்டதில், கருப்பையாவின் முகம் மட்டும்தான் வெளியே தெரிந்தது. காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபம். காலை நேரம். முன்வரிசை மேசையில் அடுக்கியிருந்த புத்தகங்களிலிருந்து புது அச்சு மையின் வாடை. பின்கட்டிலிருந்து கவுனி அரிசி வேகும் வாசம். இரண்டும் கலந்து வந்தன.

புத்தகம் நான் எழுதியது. கருப்பையாவின் வாழ்க்கை வரலாறு. காளையார்கோவில் பக்கத்தில் உழுது பிழைக்கும் சம்சாரிக் குடும்பத்தில் பிறந்து, ஒரு பழைய பஸ்ஸை வாங்கி, ‘செல்லாயி பஸ் சர்வீஸ்’ என்று தன் தாயார் பேரை வைத்து வளர்த்தவர். நிறுவனத்தின் பொன்விழாவும் புத்தக வெளியீடும் ஒரே மேடையில்.

எல்லாரும் பேசி முடித்தார்கள். ஏற்புரை என்று மைக்கை அவர் கையில் கொடுத்தார்கள். அவர் அதை ஏதோ பானையின் கழுத்தைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டார்.

“எல்லாருக்கும் வணக்கம். புத்தகம் நல்லாருக்கு. அட்டை நல்லாருக்கு. தம்பி நல்லா எழுதியிருக்காக. ஆனா இதுக்குள்ள இருக்க ஆளு நான் இல்ல.”

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

மண்டபம் கைதட்டியது. தொகுப்பாளர், “என்ன ஒரு அடக்கம் பாருங்கள்!” என்று உருகினார். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே கருப்பையாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் அடக்கம் எதுவும் இல்லை. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. இரண்டாம் வரிசையில் இருந்த தன் மகள் தேன்மொழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது நிறுவனத்தை நடத்துவது தேன்மொழிதான். என்னை அழைத்துப் புத்தகம் எழுதச் சொன்னதும் அவர்தான். தேன்மொழி எழுந்து பந்தி நடக்கும் பக்கமாகப் போய்விட்டார்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

கூட்டி எழுதுனீகளா?

வீட்டுக்கு வரும் வழியில் என் மனைவி சிவகாமி கேட்டாள்: “நீங்க எதுவும் கூட்டி எழுதுனீகளா?”

“இல்லையே.”

“பின்ன அந்த மனுசர் ஏன் அப்படிச் சொன்னாரு?”

“அடக்கம்னு சொன்னாகள்ல.”

“அடக்கமா இருக்கவுக மகளப் பாத்தா சொல்லுவாக?”

ஆக, அவளும் கவனித்திருக்கிறாள். நான் கார் கண்ணாடியை ஏற்றினேன், பிறகு இறக்கினேன்.

மனதுக்குள் புத்தகத்தை அத்தியாயம் அத்தியாயமாகப் புரட்டிப் பார்த்தேன். நிலத்தை விற்று பஸ் வாங்கியது அவரே சொன்னது. முதல் டிரைவரின் பெயர் அவர் சொன்னது. முதல் தடத்தின் ஊர்கள் அவர் சொன்னவை. அச்சுக்குப் போகுமுன் பிரதியை அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு கடைசிப் பக்கம்வரை படித்தார். ஓர் ஊரின் பெயரில் இருந்த எழுத்துப் பிழையைத் திருத்திக்கூடக் கொடுத்தார். “நல்லாருக்கு தம்பி” என்றார். அதே மனிதர் இன்று ஊரைக் கூட்டி வைத்து, அது நான் இல்லை என்கிறார்.

அப்படியானால் அது யார்?

தவறான அறை

வணிகப் பத்திரிகையாளர், தொழில்துறை நூலாசிரியர் என்றெல்லாம் என்னை அறிமுகப்படுத்துவார்கள். என் புத்தகங்களின் பின்னட்டையில், ‘மாணவப் பருவத்திலேயே தொழில்துறை எழுத்தைத் தன் பாதையாகத் தேர்ந்துகொண்டவர்’ என்று ஒரு வரி இருக்கும். அது பதிப்பகத்தார் எழுதியது. படிக்க நன்றாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

நடந்தது வேறு. நேமத்தான்பட்டியில் எங்கள் வீட்டில் எல்லாரும் ஏதாவது ஒரு தொழில் செய்தவர்கள். பி.காம். முடித்த எனக்கு எந்தத் தொழிலுக்கும் துணிச்சல் இல்லை. சென்னையில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். மாடிப்படி ஏறி, நாலைந்து பேர் உட்கார்ந்திருந்த ஓர் அறையில் போய் நானும் உட்கார்ந்தேன். ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையைக் கையில் கொடுத்து, “இதத் தமிழ்ல சுருக்கி எழுதுங்க” என்றார்கள். கணக்கு வேலைக்கு இது என்ன விசித்திரமான பரீட்சை என்று நினைத்துக்கொண்டே எழுதினேன். வேலை கிடைத்தது. சேர்ந்த அன்றுதான் தெரிந்தது, அது செய்திப் பிரிவு. கணக்குப் பிரிவுக்கான அறை எதிர்ப்பக்கம் இருந்திருக்கிறது.

எப்போதாவது இதைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். சமயம் வாய்க்கவில்லை. அதற்குள் ஓய்வு வந்துவிட்டது.

எங்கள் பெரியப்பச்சி, அதாவது என் அப்பாவின் அண்ணன், கல்யாண வீடுகளில் என்னைக் கண்டால் சும்மா விடமாட்டார். “தொழில் செய்யத் தெரியாதவன், தொழில் செய்யிறவனப் பத்தி எழுதுறான். அதக் காசு குடுத்து வாங்கிப் படிக்கிறாக. நல்ல ஊருடா!” என்பார். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவர் சொன்னது வசவா, பாராட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மாலைக்குள் ஒரு காரணம்

பத்திரிகையில் என் முதல் வேலை பங்குச் சந்தை நிலவரம் எழுதுவது. விலை ஏறினால் ஏன் ஏறியது என்று எழுத வேண்டும், இறங்கினால் ஏன் இறங்கியது என்று எழுத வேண்டும். பக்கம் முடிப்பதற்குள் காரணம் கைக்கு வந்தாக வேண்டும்.

ஒரு நாள், ‘நல்ல மழை பெய்யும் என்ற எதிர்பார்ப்பில் பங்குகள் உயர்ந்தன’ என்று எழுதினேன். அதே வாரத்தில் இன்னொரு நாள், ‘மழை குறித்த எதிர்பார்ப்பு ஏற்கெனவே விலையில் கலந்துவிட்டதால் பங்குகள் சரிந்தன’ என்று எழுதினேன். இரண்டையும் ஒரே கை, ஒரே பேனா எழுதியது. யாரும் கேட்கவில்லை.

ஒருமுறை மட்டும், உண்மையிலேயே காரணம் எதுவும் தட்டுப்படாமல், ‘இன்றைய சரிவுக்குத் தெளிவான காரணம் இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எங்கள் ஆசிரியர் கூப்பிட்டார். வெற்றிலைச் சிவப்பான வாய். எதற்கும் குரலை உயர்த்தாதவர்.

“காரணம் தெரியலன்னு எழுதினா நாளைக்குப் பேப்பர் வாங்குவானாய்யா?”

“தெரியலையே சார்.”

“உனக்குத் தெரியலன்னா படிக்கிறவன் என்னய்யா பண்ணுவான்? யோசி.”

யோசித்தேன். ஒரு காரணம் கிடைத்தது. போட்டார்கள்.

பின்னாளில் நான் தொழிலதிபர்களைப் பேட்டி காண ஆரம்பித்தபோதும் அவருடைய பாடம் ஒன்றுதான். “அவன் என்ன முடிவெடுத்தான்? அதுல ஆரம்பி.” கட்டுரையில் ‘ஒருவேளை’ என்ற சொல்லைக் கண்டால் அடித்துவிடுவார். எனக்கும் அந்தப் பழக்கம் படிந்துவிட்டது. யாராவது எதிரில் உட்கார்ந்து பேசினால், என் காது அவருடைய முடிவுகளை மட்டும் தேடிப் பிடித்துக்கொள்ளும். அது நல்ல பழக்கமா கெட்ட பழக்கமா? அந்தப் பழக்கத்தில்தான் வரிசையாகப் புத்தகங்கள் எழுதினேன். அவை விற்றன.

விடியலைக் கண்டுகொண்டவர்

ஓய்வுபெற்று, காரைக்குடியில் வீடு பார்த்துக்கொண்டு வந்த பிறகு தேன்மொழி என்னைத் தேடி வந்தார். அப்பாவின் வரலாற்றை எழுத வேண்டும் என்றார். கிராமத்துப் பக்கம் இன்றும் ‘பஸ் வந்ததா’ என்று கேட்கமாட்டார்கள். “செல்லாயி வந்துருச்சா?” என்றுதான் கேட்பார்கள். எனக்கும் ஆசையாக இருந்தது.

கருப்பையா நன்றாகப் பேசினார். செல்லாயியின் பேர் நிலைத்ததே விடியற்காலை முதல் நடையால்தான். காய்கறிக் கூடையும் பால் தூக்குமாகக் காரைக்குடிச் சந்தைக்குப் போகும் பெண்களுக்கு அந்த நேரத்தில் வேறு வண்டி கிடையாது. அதைப் பற்றிக் கேட்டபோது அவர் இப்படித்தான் சொன்னார்:

“விடியக்காலையில வண்டிய எடுத்தோம். வழியில பொம்பளையாளுக கூடையோட நின்னு கை காட்டுனாக. ஏத்திக்கிட்டோம். மறுநாளும் நின்னாக.”

“அந்த நேரத்துல ஆளு இருக்கும்னு எப்படித் தெரிஞ்சுச்சு ஐயா?”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரித்தார். “காப்பி சாப்புடுறீகளா தம்பி?” என்றார்.

அந்தச் சிரிப்பைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். ‘விடியலைக் கண்டுகொண்டவர்’ என்று அத்தியாயத்துக்குத் தலைப்பு வைத்தேன். ‘மற்ற முதலாளிகள் வெயில் ஏறிய பிறகு வண்டி எடுத்த காலத்தில், சந்தைக்குப் போகும் பெண்களின் தேவையை ஒரே பார்வையில் உணர்ந்த கருப்பையா, முதல் நடையை விடியற்காலைக்கு மாற்ற முடிவெடுத்தார்’ என்று தொடங்கினேன். எழுதியதும் திரும்பப் படித்துப் பார்த்து, நானே தலையை ஆட்டிக்கொண்டேன்.

ஷெட்டில் ஒரு காலை

விழாவுக்கு மறுநாள் காலை, மனசு கேட்காமல், செல்லாயியின் ஷெட்டுக்குப் போனேன். கழுவிவிட்ட பஸ்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டீசல் வாடையும் ஈர மண் வாடையும். ஒரு மூலையில், ஏதோ பழைய வண்டியிலிருந்து கழற்றிய இருவர் சீட் ஒன்றைச் சுவரோரம் போட்டு அதில் கருப்பையா உட்கார்ந்திருந்தார். எதிரே தேன்மொழி நின்றுகொண்டிருந்தார். இருவரும் சண்டை போட்டு ஓய்ந்த நேரம் என்று பார்த்ததும் தெரிந்தது.

“வாங்கண்ணே” என்றார் தேன்மொழி. “நீங்களே கேளுங்க. நேத்துலருந்து கேக்குறேன், வாயத் தொறக்க மாட்டேங்குறாரு.”

நான் கருப்பையாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். சீட்டின் ஸ்பிரிங் முனகியது.

“ஐயா, நான் எதுவும் தப்பா எழுதிட்டேனா?”

“தப்பெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி.”

“பின்ன ஏன் அப்படிச் சொன்னீக?”

“அதான் எனக்கும் வெளங்கல. நன்றின்னு சொல்லிட்டு உக்காரணும்னுதான் எந்திரிச்சேன். வாயில அது வந்துருச்சு.”

பேட்டியில் இப்படி ஒரு பதில் வந்திருந்தால் அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். இப்போது போக இடமில்லை.

தேன்மொழிதான் பேசினார். “நான் சொல்றேன்ணே. நேத்துக் காலையில மண்டபத்துக்கு வாரப்ப கார்ல ஒண்ணு சொன்னேன். விழா முடியவும் கம்பெனியக் குடுத்துரலாம்னு இருக்கேன்னு. மதுரைக்காரவுக மொத்தமாக் கேக்குறாக. சரின்னு சொல்லிரப் போறேன்னேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொன்விழா கொண்டாடிய நிறுவனம். “ஏம்மா?”

“எனக்குத் தெரியலண்ணே. அரசாங்க டவுன் பஸ்ல பொம்பளையாளுகளுக்கு டிக்கெட் இல்லைன்னு ஆனப்புறம் எங்க பழைய கூட்டம் அங்குட்டுப் போயிருச்சு. அதக் குத்தம் சொல்ல முடியுமா? நானா இருந்தாலும் அதுலதான் ஏறுவேன். டூரிஸ்ட் வேன் போடலாமா, ஸ்கூல் வண்டி ஓட்டலாமா, தடத்த விட்டுட்டு ஒதுங்கிரலாமா? ஒவ்வொரு நாளும் ஒண்ணு தோணுது. மறுநாள் அது தப்புன்னு தோணுது. ஒங்க புத்தகத்தத் திருப்பித் திருப்பிப் படிச்சேன். அப்பா எல்லாத்தையும் சட்டுச் சட்டுன்னு கண்டுபிடிச்சிருக்காரு. ஒரு எடத்துலயாவது முழிச்சிருக்காரான்னு தேடுனேன். இல்ல. எனக்கு அந்தப் பார்வை இல்லண்ணே. இல்லாதவ எதுக்கு வச்சுக்கிட்டு இருக்கணும்?”

அதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. ஒரு பழைய சட்டைத் துணியால் பஸ் ஒன்றின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். சுத்தமாகத்தான் இருந்தது அந்தக் கண்ணாடி.

கருப்பையா திடீரென்று, “நான் அன்னைக்கு வண்டியத் திருப்பிக் குடுக்கப் போனேந்தா” என்றார்.

“என்னைக்கு?”

“அதான், விடியக்காலையில எடுத்த முதல் நாளு.”

தேன்மொழி துடைப்பதை நிறுத்தினார்.

கருப்பையா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நிலத்தை விற்று பஸ்ஸை வாங்கிய பிறகு அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டதாம். பகலெல்லாம் காலி வண்டி ஓடியது. சாப்பாடு இறங்கவில்லை. விற்றவர் அமராவதிபுதூர்க்காரர். காலையில் அவர் வெளியே கிளம்புமுன் போய், காலில் விழுந்தாவது வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று, டிரைவரை எழுப்பி இருட்டோடு வண்டியை எடுத்திருக்கிறார்.

“எனக்கு அப்ப வண்டி ஓட்டத் தெரியாது. டிரைவருதான் ஓட்டுனான். வழியில பொம்பளையாளுக கை காட்டுனாக. கை காட்டுனா நிறுத்துறது அவன் பழக்கம், நிறுத்திட்டான். நிறுத்தாதடான்னு கத்துனேன். அதுக்குள்ள ஏறிட்டாக. அடுத்த ஊருலயும் அதே கத. அமராவதிபுதூரு போயிச் சேந்தா வண்டியில நிக்க எடமில்ல. அந்த ஆளு வீடு பூட்டிக் கெடக்கு. குடும்பத்தோட பழனிக்குப் போயிட்டாராம். வண்டிக்குள்ள இருக்கவுக, ‘யோவ், சந்தைக்கு நேரமாச்சு, என்ன நிக்கிற’ங்கிறாக. காரைக்குடிக்கு விட்டோம்.”

“மறுநாள்?” என்றேன்.

“மறுநாளும் குடுக்கத்தான் போனேன். அன்னைக்கு எங்களுக்கு முன்னாடியே ரோட்டுல நின்னாக.”

“அந்த ஆள் பழனியிலருந்து வந்தப்புறம்?”

“வந்தாரு. அப்பவும் குடுத்துரலாமான்னுதான் இருந்துச்சு. நாளைக்கு, நாளைக்குன்னு இருந்தேன். எப்ப அந்த நெனப்பு போச்சுன்னு எனக்கே தெரியல.”

ஷெட்டில் யாரோ வாளியை உருட்டினார்கள். தேன்மொழி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப அந்தாளு அன்னைக்கு வீட்டுல இருந்திருந்தா?”

“குடுத்துட்டு வந்திருப்பேன்.”

“செல்லாயியே இல்லையா?”

“இல்ல.”

“இத ஏன் இத்தன வருசமாச் சொல்லல?”

“ஒங்கம்மாவுக்கே தெரியாதுத்தா. என்னைய நம்பித்தான நிலத்த விக்கச் சம்மதிச்சா? அவகிட்டப் போயி, பயந்துபோயி குடுக்கப் போனேன்னு எப்படிச் சொல்லுவேன்? எல்லாரும் ‘கருப்பையா நல்ல நேரம் புடிச்சான்யா’ன்னாக. சரின்னு இருந்துட்டேன். தம்பி எழுதினதப் படிக்கையில எனக்கே அப்படித்தான் இருந்திருப்பேனோன்னு தோணுச்சு. நல்லாத்தான் இருந்துச்சு. நேத்து நீ கார்ல அப்படிச் சொன்னதும்தான் அது நான் இல்லன்னு ஒறைச்சுச்சு.”

தேன்மொழி சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், அல்லது அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்வார் என்று. அவருக்குக் கோபம்தான் வந்தது.

“நல்லா இருக்குப்பா. நீங்க பயந்தத மறைச்சு வச்சுட்டீக. நான் பயந்தா மட்டும் என்னமோ எங்கிட்டக் கொறைன்னு நெனச்சு நெனச்சுத் தூக்கமில்லாமக் கெடக்கேன். இப்ப மட்டும் எனக்கு என்ன தெளிஞ்சுருச்சு? டூரிஸ்ட் வேனா, ஸ்கூல் வண்டியா? சொல்லுங்க.”

“எனக்கு எப்படித்தா தெரியும்?” என்றார் கருப்பையா, உண்மையான வருத்தத்தோடு.

அப்போது தேன்மொழியின் போன் அடித்தது. மதுரைக்காரர்கள். தேன்மொழி போனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எடுத்தார். “வணக்கங்க… இல்லங்க… இல்ல, வெல விசயமில்ல. எனக்கு இன்னும் ஒண்ணும் தெரியல. ஆமாங்க, அதான் பதிலு. தெரிஞ்சப்பறம் சொல்றேன்.”

மறுமுனையில் இருந்தவருக்கு என்ன புரிந்திருக்குமோ தெரியாது. எனக்குப் புரிந்தது இதுதான்: என் எழுத்து வாழ்க்கையில் நான் ஒருமுறைகூட அச்சில் ஏற்றியிராத ஒரு வாக்கியத்தை ஒரு நிறுவனத்தின் தலைவர் சொல்லி, போனை வைத்துவிட்டார். அன்றைக்கு அந்தக் கம்பெனி விற்கப்படவில்லை.

அதன் பிறகு

இதையெல்லாம் ஒரு வெற்றிக் கதையாக முடிக்கத்தான் என் கை பரபரக்கிறது. அப்படி எதுவும் நடக்கவில்லை. தேன்மொழி இரண்டு தடங்களை விட்டுவிட்டார். அரண்மனை வீடுகளைப் பார்க்க வருகிறவர்களுக்காக வேன் எடுத்தார். குளிர்காலத்தில் அது ஓடுகிறது, கோடையில் ஷெட்டில் நிற்கிறது. விடியற்காலை நடை இன்னும் போகிறது. இப்போது அதில் கூடைகள் குறைவு. காரைக்குடிக் கடைகளுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளும், முதல் ஷிப்டு நர்சுகளும் வருகிறார்கள். அவர்கள் வருவார்கள் என்று தேன்மொழிக்கு முன்கூட்டித் தெரியுமா என்று நான் கேட்கவில்லை.

புத்தகத்தின் இரண்டாம் பதிப்புக்குப் பதிப்பகத்தார் கேட்டபோது, கருப்பையாவிடம் போனேன். அந்த அத்தியாயத்தை மாற்றலாமா என்றேன். “தேன்மொழி அம்மாதான் இப்ப இல்லையே, எழுதுங்க” என்றார். வாசல்வரை வந்துவிட்டு, “ரொம்பப் பயந்த மாதிரியும் எழுதிராதீக” என்றார்.

எழுத உட்கார்ந்தேன். எளிதாக இல்லை. ‘கருப்பையா’ என்று எழுதியதும் என் பேனா தானாக ‘முடிவெடுத்தார்’ என்றது. அடித்தேன். எத்தனையோ தாள்கள் குப்பைக் கூடைக்குப் போயின. சிவகாமி எட்டிப் பார்த்து, “என்ன, புதுசா எழுதப் படிக்கிறீகளா?” என்று கேட்டாள். ஒரு மனிதருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை என்பதை, அவரைச் சின்னவராக்காமல் எழுத எனக்குத் தெரியவில்லை. பழைய அத்தியாயம் பொய்யா என்றால், அதிலும் பொய் இல்லை. வண்டியை எடுத்தார், பெண்கள் கை காட்டினார்கள், ஏற்றிக்கொண்டார்கள். புதிய அத்தியாயத்திலும் அதேதான் நடக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு இன்றும் தலை சுற்றுகிறது.

அச்சானதும் முதல் பிரதியைத் தேன்மொழிக்கு அனுப்பினேன். சில நாள் கழித்துப் போன் வந்தது. பின்னால் இன்ஜின் சத்தமும், யாரோ ஊர்ப் பேர் சொல்லிக் கூவுவதும் கேட்டது.

“அண்ணே, படிச்சேன்.”

“எப்படிம்மா இருக்கு?”

“அப்பா அமராவதிபுதூருல பூட்டுன வீட்டு முன்னாடி நிக்கிறாருல்ல, அந்த எடத்த நாலஞ்சு தடவ படிச்சேன். ஆனா அடுத்து என்ன செய்யிறதுன்னு இதுலயும் ஒண்ணும் இல்லையேண்ணே.”

“இல்லம்மா.”

“சரிண்ணே. வண்டிக்கு நேரமாச்சு, வைக்கிறேன்.”